மீன் வயிற்றில்

"அசையாம படுத்திருங்கம்மா" என்று சொல்லி, ஸ்கேன் எடுக்கும் பெண் என்னைக் குழாய்க்குள் அனுப்பினாள். கண்ணை மூடியதும் பாலக்கரை மதரஸாவின் ஜமுக்காள வாசனை வந்துவிட்டது.

யூனுஸ் நபியை மீன் விழுங்கிய கதையைச் சொல்லும்போதெல்லாம், எங்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாபி அந்த ஜமுக்காளத்தை எங்கள்மேல் போர்த்திவிடுவார். உள்ளே இருட்டு, புழுதி, இருபது பிள்ளைகளின் மூச்சு. பக்கத்தில் மும்தாஜ் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"இப்ப மீன் வயித்துல இருக்கீங்க. நபி என்ன ஓதுனாங்க? ஓதுங்க!"

ஓதுவோம். உஸ்தாபி ஓரத்தைத் தூக்குவார். வெளிச்சம் கண்ணில் அடிக்கும். நாங்களோ, "இன்னொரு தடவ, உஸ்தாபி!" என்று கத்துவோம்.

குழாய்க்குள்ளும் அதையேதான் ஓதினேன். ஒருவழியாக வெளிச்சம் வந்தது.

"கைய அசைச்சிட்டீங்கம்மா. இன்னொரு தடவ எடுக்கணும்."

மும்தாஜைத்தான் தேடியிருக்கிறது, இந்தக் கை.