கடைசி நாலு எண்

என் நைனா டிரெய்லர் ஓட்டுகிறார். கப்பலில் வந்திறங்கும் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் திருவொற்றியூர் யார்டு ஒன்றில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அவர் எடுக்க வேண்டிய பெட்டி வெளியே போகத் தயாரா இல்லையா என்பது என் மேசையிலுள்ள டேட்டாபேஸில் இருக்கும். அவரோ அது தெரியாமல் எண்ணூர் சாலை வரிசையில் வண்டிக்குள்ளேயே கிடப்பார். சர்க்கரைக்காரர், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும். இது என்ன கூத்து என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் மேனேஜர் ஒரு வெளிக் கம்பெனியின் மென்பொருளை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். அது சரக்கு ஏஜென்ட் ஆபீஸ்களுக்கு மட்டும்தான் பெட்டியின் நிலையைக் காட்டும். டிரைவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

நேரே அவர் அறைக்குப் போய், "சார், இலவசமா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ்லயே பண்ணிடலாம். டிரைவருங்க போன்லயும் தெரியும்," என்றேன்.

"சனிக்கிழமை காட்டு. இல்லேன்னா அவங்களுக்கே ஓகே சொல்லிடுவேன்."

வாயை விட்டாகிவிட்டது. இனி செய்துதான் ஆக வேண்டும்.

வலைப்பக்கம் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க உதவும் இலவசக் கருவிகள் மூன்றை இறக்கினேன். தீபாவளித் துணி வந்த பிள்ளை மாதிரி மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சைதான். கண்டெய்னர் எண் என்பது நாலு எழுத்தும் ஏழு எண்ணுமாக நீளும். எந்த டிரைவரும் அதை முழுசாகச் சொல்ல மாட்டார். கடைசி நாலு எண்தான் பெட்டிக்குப் பெயர். "நாப்பத்திநாலு பதினேழு இன்னும் வர்ல" என்பதை வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டே வளர்ந்தவள் நான். ஆகவே நாலு எண்ணைப் போட்டால் பதில் வர வேண்டும். அதுவும் சிக்னல் செத்துக் கிடக்கிற கேட்டுக்கு வெளியே வர வேண்டும்.

முதல் கருவி பத்திரமானது. நாம் முன்கூட்டி எழுதிவைத்த கேள்விகளை மட்டுமே கேட்கும். ஆனால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் திரும்ப எழுது, திரும்ப ஓட்டு. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இரண்டாவது அழகோ அழகு. பெட்டி, லாரி, கேட் என்று மூன்று டேபிள்களில் இருப்பதை ஒரே கேள்வியில் அள்ளிக்கொண்டு வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். கேட்டுக்கு வெளியே போய் என் பழைய போனில் திறந்தால், அதற்காக வலைப்பக்கத்தில் சேர்த்த துணை நிரலெல்லாம் இறங்கி முடியாமல் சுற்றிக்கொண்டே நின்றது.

மூன்றாவது, ஒவ்வொரு டேபிளையும் ஒரு இணைய முகவரி ஆக்கிவிடும். அந்த முகவரியின் வாலிலேயே கேள்வியை எழுதிவிடலாம். வேறு எந்தச் சுமையும் இல்லை. அதே இடத்தில் நின்று நாலு எண்ணைப் போட்டேன், கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இன்னாம்மா, தனியா சிரிச்சிகினு கீற?" என்றார் கேட் செக்யூரிட்டி.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. விளையாட்டாக முகவரியிலிருந்து நாலு எண்ணை அழித்துப் பார்த்தேன். யாருடைய சரக்கு, உள்ளே என்ன, சீல் எண் என்ன என்று மொத்த டேபிளும் போனில் கொட்டியது. கருவியைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தது நான்தான். உட்கார்ந்து, பெட்டி எண்ணும் அதன் நிலையும் மட்டும் தெரிகிற சின்ன ஜன்னல் ஒன்றை டேட்டாபேஸுக்குள் செய்து, அதை மட்டும் வெளியே திறந்துவிட்டேன். மறுபடி சரக்கு விவரம் கேட்டுப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. ஆசையாசையாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை மேனேஜர் தன் போனிலேயே போட்டுப் பார்த்தார். "யார் சரக்குன்னு இதுல வருமா?" என்று அவர் கேட்பார் என்று தெரியும், கேட்டார். "வராது சார், நீங்களே பாருங்க," என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது. அவர் வெகுநேரம் நோண்டிப் பார்த்துவிட்டு, டிரைவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். முதல் ஆளாக நைனாவுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் சாப்பிடத் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்தால், அம்மா பரிமாற, நைனா உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வேலை நாளில், பட்டப்பகலில். போன் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்ந்திருந்தது.

"இன்னா நைனா, வண்டிக்குப் போவல?"

"பொட்டி இன்னும் ரெடியாவலன்னு உன் பேஜ்ல கீது. அங்க போயி இன்னா பண்றது?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. 'தயார்' என்று பச்சையில் வருவதை அவர் பார்க்க வேண்டும் என்றுதான் அத்தனை ஆசைப்பட்டிருந்தேன். வந்திருந்ததோ 'இன்னும் இல்லை'.

அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லாமதாம்மா இத்தினி வருசம் ரோட்லயே கெடந்தேன்," என்றார்.

இடது கையால் திரையை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். அதே பதில்தான். தட்டை அம்மா பக்கம் தள்ளி, இன்னொரு துண்டு மீன் கேட்டார்.