நண்டுக் கறியின் மேல் போட்ட பழி

நண்டுக் கறி அந்த மனிதரைக் கொல்லவில்லை. நான் போட்ட ஊசிதான் கொன்றது. இதை எழுத எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் பிடித்திருக்கிறது. இதைப் படிக்கவேண்டியவளிடம் கொடுக்கத் துணிவேனா என்பது எனக்கே தெரியாது. ஆகவே, நீங்கள் படியுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான் அப்போதிக்கரி; டொக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்ப்பவன். டொக்டர் பாதி நாள் வெளியூரில் இருப்பார். கட்டு, மருந்து, ஊசி எல்லாம் என் கைதான். எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. குடாவைக் கடக்கும் பின்னேர லோஞ்சுப் படகில் மூதூருக்குத் திரும்பவேண்டிய அக்கரை ஆட்களை முதலில் பார்த்து அனுப்பிவிடுவோம். லோஞ்சு தவறினால் அவர்களுக்கு நகரத்தில் தங்க இடமில்லை. அதை நாங்கள் இரக்கம் என்று நினைத்தோம். இரக்கம்தான்... ஆனால் அதோடு அவசரமும் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது என்னுடையது மட்டும்; சொல்ல வாய் கூசுகிறது. காயத்தில் டெட்டனஸ் வராமலிருக்கப் போடும் அந்தக் காலத்து ஏற்பூசி, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம். முழு அளவைப் போடுமுன் தோலுக்குக் கீழே ஒரு துளி போட்டு, தடிப்பு எழும்புகிறதா என்று அரை மணி நேரம் ஆளை இருத்திப் பார்க்கவேண்டும். அக்கரை ஆட்களுக்கு அந்த அரை மணி ஏது? பெயரைப் பதியும்போதே, "சோதனை செய்யப்பட்டது, மாற்றம் இல்லை" என்று சேர்த்து எழுதிவிடுவேன். எத்தனையோ பேருக்கு அப்படி எழுதினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

செல்லத்துரை மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான்காரர். இக்கரையில் இருக்கும் சீனன்குடாவுக்குக் கூலி வேலைக்கு வந்து போகிறவர். அன்று துருப்பிடித்த ஆணியொன்று அவருடைய உள்ளங்காலில் ஏறிவிட்டது. சந்தையில் கத்தரிக்காய் விற்று முடித்திருந்த மனைவி யோகம்மா, வெறுங்கூடையோடு வாசலில் நின்றாள்.

"லோஞ்சு வெளிக்கிடப் போகுது ஐயா. கெதியாப் போட்டு விடுங்கோ," என்றார் அவர்.

இன்றைக்கு ஏலாது, நாளைக்குப் போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு எத்தனை சொல் வேண்டும்? நான் சொல்லவில்லை. ஊசியைப் போட்டேன். நன்றி சொல்லிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு போனார்.

லோஞ்சு குடாவின் பாதியைக்கூடத் தாண்டவில்லை, திரும்பி வந்தது. செல்லத்துரைக்கு மூச்சடைக்கிறது என்று காதில் விழுந்ததும், ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலினை எடுத்துக்கொண்டு லோஞ்சு கட்டும் ஜெட்டிக்கு ஓடினேன். அவர் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. உதடு நீலம். நாடி என் விரலுக்கு எட்டவில்லை. மருந்தை ஏற்றினேன்... அது போய்ச் சேர அந்த உடம்பில் ஓட்டம் இல்லை.

யோகம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, காலில ஆணி ஏறினா மூச்சு அடைக்குமோ?"

நான் கெட்டுப்போனது இந்த இடத்தில்தான். ஊசி போட்டபோது நான் அசட்டைக்காரன். இங்கேதான் அயோக்கியன் ஆனேன். அவளுக்குப் பதில் சொல்லாமல், ஒரு கேள்வி கேட்டேன்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டவர்?"

"நண்டுக் கறியும் சோறும். நான்தான் விடியச் சமைச்சுக் கட்டிக் குடுத்தனான்."

"முந்தி எப்பவாவது நண்டு ஒத்துக்கொள்ளாமல் விட்டதோ?"

யோசித்தாள். "ஒருக்கா உடம்பு கடிச்சுச் சொறியுது எண்டவர்..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உள்ளே போய்விட்டது. அவள் நம்பிவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆம், ஆறுதல்! என்னைக் காறித் துப்ப வேண்டுமென்றால் இந்தச் சொல்லுக்காகத் துப்புங்கள்.

மரண விசாரணைக்கு வந்தவர் என் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். சோதனை செய்யப்பட்டது, மாற்றம் இல்லை. பிறகு யோகம்மாவைக் கேட்டார். நண்டு என்றாள். சாவுக்குக் காரணம் உணவு ஒவ்வாமை என்று எழுதப்பட்டது. வெளியூரிலிருந்து திரும்பிய டொக்டர், கவனமாக வேலை செய்திருக்கிறேன் என்று என்னைப் பாராட்டினார்.

சில வருடங்கள் கழித்து, எங்களைப் போன்றவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், இளம் டொக்டர் ஒருவர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். இரத்தத்தில் ஒரு கூட்டம் புரதங்கள் சும்மா கிடக்கின்றன. கொம்பிளிமென்ட் என்று பெயர். அந்நியப் பொருள் வந்தால் ஒன்று அடுத்ததை வெட்டும், அது அடுத்ததை வெட்டும். வெட்டும்போது சிறு துண்டுகள் உதிரும். சி மூன்று ஏ, சி ஐந்து ஏ. இவற்றுக்குத்தான் அனபிலாடொக்சின் என்று பெயர். சிறு காயத்தில் இவை நல்லவை. இரத்தக் குழாயின் சுவரை இளக்கி, இரத்தத்தின் வெள்ளை அணுக்களான வெண்குழியங்களைக் கூவி அழைத்து, கிருமியோடு சண்டைக்கு அனுப்பும்.

அதே துண்டுகள் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பினால்? குழாய்கள் எல்லாம் ஒழுகும். இரத்த அழுத்தம் விழும். மூச்சுக்குழாய் இறுகும். வெண்குழியங்கள் நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் இரத்தம் இல்லாமல் வாடும். காப்பாற்ற வந்ததே ஆளை முடிக்கும். அவர் சொல்லச் சொல்ல, நான் கரும்பலகையைப் பார்க்கவில்லை. ஜெட்டியில் கிடந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குதிரைச் சீரம் சில பேருக்கு முதல் தரம் ஏத்தும்போதே இதைக் கிளப்பிவிடும்," என்றார் அவர்.

நான் எழும்பிக் கேட்டேன். "தோலில சோதிச்சுப் பாத்தா முன்கூட்டியே தெரியுமோ டொக்டர்?"

"எல்லாருக்கும் தெரியாது. சோதனையில ஒண்டும் காட்டாத ஆளுக்கும் வரும்."

அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! சோதித்திருந்தாலும் செத்திருப்பார்... அப்படியானால் நான் கொல்லவில்லை! கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

டொக்டர் இன்னும் முடிக்கவில்லை. "அதாலதான் சொல்லுறன், ஊசி போட்ட பிறகும் ஆளை அரை மணித்தியாலமாவது பக்கத்தில இருத்துங்கோ. அட்ரினலின் கைக்கெட்டுற தூரத்தில இருக்கட்டும். ஆளைக் காப்பாத்துறது அந்த இருத்தி வைக்கிறதுதான்."

நான் திருடியது அந்த அரை மணியைத்தான். என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில் ஆட்கள் உட்கார ஒரு வாங்கு இருந்தது. அவரை அதில் இருத்தியிருந்தால் போதும். லோஞ்சு போனால் போகட்டும் என்று விட்டிருந்தால் போதும்.

போன மாதம் யோகம்மா மகளோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது.

"மாப்பிள்ளை வீடு சல்லிக் கிராமத்தில, ஐயா. கடல் தொழில். அங்க நண்டு, இறால் இல்லாத நாளே இராது. அவர் செத்த நாளில இருந்து எங்கட குசினியில நான் நண்டு ஏத்தினதில்லை. இவளுக்கும் தேப்பன்ர உடம்பெண்டா என்ன செய்யிறது? அதுதான் உங்களிட்டக் கேப்பம் எண்டு வந்தனான்."

"சாப்பிடலாம். பயப்பிடாதேங்கோ," என்றேன்.

மகளின் முகம் தெளிந்தது. யோகம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவருக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்ளேல்ல. நான்தான் தெரியாமல் சமைச்சுக் குடுத்திட்டன், என்ன ஐயா?"

வேறு நோயாளிகள் இல்லை. அவளிடமிருந்து என்னை அழைத்துப்போக யாரும் வரவில்லை. வேண்டிய சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன.

"ஓம்," என்றேன்.

லோஞ்சுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.