கேட்காமல் போட்ட பந்து

மாட்டிக்கொண்டதால் ஓடி வந்துவிட்டாளாம்! யார் சொன்னது? சகாயமேரிக்குக் கண் நன்றாகவே தெரியுமாம். இத்தனை வருஷம் தெரியாதது போல நடித்து, இந்தியா என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு விமானத்தில் ஊர் ஊராகப் போய் வந்தாளாம். கடைசியில் அகாடமிக்காரன் கண்டுபிடித்துத் துரத்திவிட்டானாம். இண்டூரில் இப்படிப் பேசுகிறவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தால் நல்லது. அவளுடைய ஆட்டமே அப்படித்தான். சுற்றி நிற்பவர்கள் வாயை மூடினால்தான் ஆடவே முடியும்.

பேச்சைக் கிளப்பிவிட்டது எதிர்வீட்டு ராமக்கா. சும்மா கிளப்பவில்லை, கையில் சாட்சி வைத்துக்கொண்டுதான் கிளப்பினாள். ஒருநாள் சாயங்காலம் மேரி வாசலில் நின்றிருந்தபோது, ராமக்கா தன் வீட்டுச் சாவிக்கொத்தைத் திடீரென்று அவள் மேல் வீசினாள். மேரி ஒரு கையால் அதைப் பிடித்துவிட்டாள்.

"லபக்குனு புடிச்சாடி! கண்ணு தெரியாதவ புடிப்பாளா?" என்று தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

பிடிப்பாள். சாவிக்கொத்து சலசலவென்று தன் வருகையைச் சொல்லிக்கொண்டே வரும். இருபது வருஷமாகச் சத்தத்தைப் பிடித்தே வளர்ந்த கை அது. ராமக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை வீசியிருக்க வேண்டும். நேராக மூக்கில் பட்டு விழுந்திருக்கும். அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு மேரி கோபித்துக்கொள்ளவில்லை. சாவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வலது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நேராக நீட்டினாள்.

"ஏனுங்க ராமக்கா, போடறதுக்கு முந்தி ரெடியான்னு கேக்கோணுமில்ல? கேக்காம போட்டீங்க, இது நோ பாலு."

"அடி போடி, ரோட்டுல நின்னு யாருக்குடி கை காட்டற?" என்றாள் ராமக்கா.

கை காட்டவில்லை அம்மா. தீர்ப்பு சொன்னாள்.

பார்வையில்லாதவர்களின் கிரிக்கெட்டில் பந்து பிளாஸ்டிக்கில் இருக்கும். உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். உருட்டினால் கலகலக்கும். அதைக் கையைத் தாழ்த்தித் தரையோடு போட வேண்டும். போடுவதற்கு முன்னால் போடுகிறவள் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். மட்டை பிடித்தவள் "யெஸ்" சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு "ப்ளே" என்று குரல் கொடுத்தபடிதான் பந்தை விடலாம். கேட்காமல் விட்டால் நடுவர் கையை நீட்டிவிடுவார். எவ்வளவு நல்ல பந்தாக இருந்தாலும் அது செல்லாது.

"கண்ணு தெரிஞ்சவங்க ஆட்டத்துல இந்த மரியாதை கெடையாதுங்க" என்பாள் மேரி. அவள் இந்த மரியாதையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். தட்டில் இட்லி வைப்பதற்கு முன்னால் "ரெடியா?" மிக்ஸியை ஓடவிடுவதற்கு முன்னால் "ரெடியா?" பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்வதற்கு முன்னாலும் அதே கேள்விதான். கேட்ட ஆள் திரும்பிப் பார்த்து விழிப்பார். அந்த முழி அவளுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், அவளுக்குத் தெரிவது அவ்வளவுதான். எண்ணெய் பூசிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல உலகம் தெரியும். உச்சி வெயிலில் வழி தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. பொழுது சாய்ந்தால் அதுவும் போய்விடும். பழகிய தெருவில் விறுவிறுவென்று நடப்பாள். எதிரில் ராமக்கா பேசாமல் வந்தால் பேசாமலே தாண்டிப் போவாள். அதற்குத்தான் திமிர் என்று பெயர் வைத்தார்கள்.

"ராமக்கா நைட்டிய மாத்துனா எனக்கு வேற ஆளுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று அவளே சிரிப்பாள். இந்த ஆட்டத்தில் துளியும் பார்வை இல்லாதவர்கள் உண்டு, மேரி போலக் கொஞ்சம் தெரிகிறவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று ஒவ்வொரு தொடருக்கு முன்னாலும் மருத்துவர்கள் லைட் அடித்துப் பார்த்துத்தான் களத்தில் விடுவார்கள். "லண்டன் டாக்டருக்குத் தெரியாதது இண்டூருல தெரிஞ்சுபோச்சு பாருங்க" என்பாள்.

அவள் ஆல்ரவுண்டர். அப்படியென்றால் என்ன என்று சர்ச்சில் யாரோ கேட்டதற்கு, "பேட்டும் புடிப்பேன், பந்தும் போடுவேன், மேட்ச் முடிஞ்சா எல்லாத்தோட துணியும் தோய்ப்பேன்" என்றாள். அவளுடைய அடி, மண்டியிட்டு மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து வீசுகிற அடி. பதினாறு வயதில் பள்ளி மைதானத்தில் மண்டியிட ஆரம்பித்தவள், மாநிலத்துக்கு மண்டியிட்டு, தேசத்துக்கு மண்டியிட்டாள். இரண்டு முழங்காலும் யானைத்தோல் மாதிரி காய்த்துப்போயின. வலது முழங்காலுக்குள் ஏதோ கிழிந்து, அந்தக் கால் இப்போது தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும்.

வெளிநாட்டில் கோப்பை வென்று திரும்பிய நாளில் என்ன நடந்தது என்று பேசுகிறவர்களுக்குத் தெரியுமா? பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி, கூட்டிப்போக வரும் அண்ணனுக்காகப் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் இந்தியா ஜெர்க்கின். பக்கத்தில் பேட். யாரோ வந்தார்கள். அவள் உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் "யாருங்க?" என்று கேட்பதற்குள் செருப்புச் சத்தம் படியேறிவிட்டது.

"கேட்டிருந்தா நாங்க ஜெயிச்ச கதையவாவது சொல்லியிருப்பேன்" என்றாள் பிற்பாடு. அந்தத் தாளை அவள் செலவழிக்கவில்லை, உண்டியலிலும் போடவில்லை. ஸ்டேஷன் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஆட முடியாமல் போனபிறகு தொப்பூர் போகிற வழியில் இளம்பரிதி என்பவர் நடத்திய அகாடமியில் கோச் வேலை கிடைத்தது. வாசலில் அவள் படம் போட்டு ஆளுயர பேனர். உள்ளே பார்வையில்லாத பெண்களுக்கென்று ஒரு அணி, இலவசச் சாப்பாடு, பஸ் காசு. அந்த மாவட்டத்தில் அவர்களுக்கு வேறு மைதானம் இல்லை. மேரி வீட்டு அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

மைதானத்துக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை. கணவாய் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்கிற சத்தத்தில் பந்தின் சத்தம் செத்துப்போகும். மேரி பயிற்சியையே லாரிக்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டாள். "நில்லுங்கடி, லாரி அதோட இன்னிங்ஸ ஆடிட்டுப் போவட்டும்" என்பாள். எந்தப் பெண்ணின் கையையும் கேட்காமல் பிடித்துத் திருப்ப மாட்டாள். இரும்பு ஸ்டம்பைத் தட்டுவாள். சத்தம் வந்த பக்கம் பெண் தானாகத் திரும்புவாள்.

அந்தப் பெண்களில் சித்தேரி மலையிலிருந்து வந்த கோகிலா ஒருத்தி. பிறவியிலேயே துளியும் பார்வை இல்லாதவள். வாய்த்துடுக்கு. தூரத்தில் மேரியின் கால் தேயும் சத்தம் கேட்டதுமே, "கோச்சக்கா வந்தாச்சு, எல்லாம் வேலை செய்யற மாதிரி நடிங்கடி" என்று கத்துவாள்.

இனி அந்த நாளைக் கேளுங்கள்.

அகாடமிக்குப் பண உதவி செய்கிறவர்கள் பெங்களூரிலிருந்து கேமராவோடு வருவதாக இருந்தது. இளம்பரிதி காலையிலேயே மேரியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலும் கையில் வைத்தார்.

"இது எதுக்குங்க சார்?"

"போன தடவை வீடியோ பாத்துட்டு, கோச்சுக்குக் கண்ணு தெரியுது போலிருக்கேன்னு கேட்டாங்கம்மா. நீங்க பாட்டுக்கு வெடுக்கு வெடுக்குன்னு நடக்கறீங்க. இன்னிக்கு ஒருநாள் கொஞ்சம் தட்டித் தடவி வாங்க."

"எனக்கு எவ்ளோ தெரியுமோ அவ்ளோதாங்க தெரியும். அதை நானே அவங்ககிட்ட சொல்றேன்."

"அதெல்லாம் அவங்களுக்குப் புரியாது. ஒண்ணு தெரியணும், இல்ல தெரியக்கூடாது. உங்களுக்காகவா கேக்கறேன்? அவங்க கை விட்டுட்டா இந்தப் புள்ளைங்களுக்கு ஏது கிரவுண்டு, ஏது சாப்பாடு? யோசிங்க."

இங்கேதான் ராமக்கா நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேரி யோசித்தாள். கண்ணாடியை மாட்டினாள். ஆம், மாட்டினாள். பிள்ளைகள் சாப்பாடு என்றதும் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கோலைப் பிடித்து, தேயும் காலை மெல்லத் தூக்கி வைத்து, தட்டித் தட்டி வராந்தாவில் இறங்கினாள். வராந்தாவின் கடைசியில் கோகிலா உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். கோல் சத்தம் நெருங்கியதும் நிமிர்ந்தாள்.

"யாருங்க புதுசா? எங்க டீமுல சேர வந்தீங்களா?"

கோல் தரையில் இன்னும் ஒரு தடவை தட்டியது.

"பயப்படாதீங்க. எங்க கோச்சக்கா நல்லவங்க. கேக்காம கையக் கூடத் தொட மாட்டாங்க. நீங்க எந்த ஊருங்க?"

மேரி நின்றாள். திரும்பினாள். காலைத் தேய்த்துக்கொண்டு, தன் நடையிலேயே ஆபீசுக்குப் போனாள். பின்னால் கோகிலாவின் குரல் உடைந்து வந்தது: "அக்கா? நீங்களாக்கா அது?"

கண்ணாடியையும் கோலையும் மேஜைக்கு மேலே ஏந்திக்கொண்டு, "ரெடியா சார்?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ரெடியான்னு கேட்டேன். நீங்க எங்கிட்டக் கேக்கல. நான் கேக்கறேன்."

"சரி, சரி" என்றார் இளம்பரிதி, எதற்கு என்று தெரியாமலே. அவள் இரண்டையும் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள்.

"வெளிய போனா அப்பிடியே போயிடணும், மேரி. அவங்க கார் கேட் பக்கத்துல வந்துருச்சு!"

அவள் போனாள். வாசல் கதவைத் தாண்டி, தன்னுடைய படம் போட்ட பேனருக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றாள். காரிலிருந்து இறங்கியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நேராக நீட்டினாள். வழி தேடுகிறாள் என்று நினைத்து வாட்ச்மேன் ஓடி வந்து அந்தக் கையைப் பிடிக்கப் போனார். கை மடங்கவில்லை, அசையவும் இல்லை. பிடிக்க வந்தவர் ஒரு அடி பின்வாங்கி நின்றார்.