அம்மா கூப்பிடும் நேரம்

குவைத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெயந்தினி எஜமானியின் பட்டுச் சட்டையைப் பொசுக்கிவிட்டாள். இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தது, மனசு இலங்கை மலையகத்து வட்டவளையில் இருந்தது. நடக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு மனசு வேறெங்கே இருக்கும்? அன்றைக்கு வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல.

அதே வீட்டில் சமையல் செய்த பிலிப்பைன்ஸ்காரிதான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். மனசு ஓடப் பார்க்கும்போது ஒன்றைப் பார், ஒன்றைக் கேள், ஒன்றைத் தொடு, ஒன்றை முகர், ஒன்றை நாக்கில் வை. எங்கே நிற்கிறாயோ அங்கேயே நில். கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது, ஆனால் பலித்தது. மகள் தனுஷிகாவின் முகம் கண்ணில் நிழலாடினால் பளிங்குத் தரையின் குளிர்ச்சியை உள்ளங்காலால் கவனிப்பாள். ஏசி முனகுவதைக் கேட்பாள். காப்பியில் போடும் ஏலக்காயில் ஒன்றைக் கடித்துக்கொள்வாள். பிள்ளையின் முகம் மெல்ல விலகிவிடும். இப்படி விரட்டி விரட்டித்தான் ஏழு வருஷத்தை ஓட்டினாள். பெற்ற பிள்ளையை நினைக்காமலிருக்கப் பயிற்சி எடுத்த தாய் என்று யாராவது சொன்னால் அவளால் மறுக்க முடியாது.

மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகுதான் மனசை அவிழ்த்துவிடுவாள். அப்போது ஊரில் பொழுது சாயும் நேரம். வீடியோ காலில் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

புருஷன் கொழும்பில் இன்னொரு குடும்பம் நடத்தப் போய்விட்டான். அவனுடைய அக்கா அம்மாக்கண்ணுதான், தம்பி செய்த காரியத்துக்கு ஈடு கட்டுகிறவளைப் போலப் பிள்ளையை வளர்த்தாள். நடுவில் ஒரு தடவை கிடைக்கவிருந்த லீவைக் கொரோனா வந்து கெடுத்தது. கடைசியில் இந்த வருஷம்தான் வர முடிந்தது. விமானத்திலேயே ஜெயந்தினி ஒரு முடிவெடுத்திருந்தாள். பிள்ளை ஒரே ஒரு தடவை தானாக வந்து மடியில் உட்காரட்டும், திரும்பிப் போகிற பேச்சே இல்லை. தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்து அண்ணியோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடலாம். இத்தனை காலம் கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் கிடைத்த பிள்ளை, இனிமேல் மூக்குக்கும் கைக்கும் கிடைக்கும் என்று நம்பினாள். பாவம், நம்பிக்கைக்கு என்ன குறைச்சல்?

வந்த மறுநாளே ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தாள். தனுஷிகா தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்குங்க."

அத்தையிடம் இப்படிப் பேசுகிற பிள்ளையா அது? உப்பில்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு ஊரைக் கூட்டுகிற பிள்ளை. தாய்க்கு விருந்தாளியின் மரியாதைதான் கிடைத்தது.

"அத்தை, அவங்க மேல கடை வாசம் வருது" என்று இன்னொரு நாள் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள். லயத்துச் சுவருக்கு மெதுவாவது, சத்தமாவது! ஜெயந்தினி அன்றைக்கே சென்ட் போத்தலைக் குப்பையில் போட்டாள். அம்மாக்கண்ணுவின் சோப்பில் குளித்து, அவளுடைய பழைய ஸ்வெட்டரையும் வாங்கி மாட்டிக்கொண்டு, கண் எரிய எரிய அடுப்புப் புகையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அத்தை, ஒன் ஸ்வெட்டர அவங்க ஏன் போட்டுருக்காங்க?" என்று கேட்டாள்.

தனுஷிகாவின் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் தோள் இரண்டும் விறைத்துவிடும். ஊசி போட வந்த பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆசைப்பட்ட கைக்கு அதைவிட வேறு அடி வேண்டாம். படுக்கப் போனாலோ, அத்தையின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும்.

"கோவிச்சுக்காத ஜெயந்தினி. பூனக்குட்டிகூட புது வீட்டுல ஒரு வாரம் கட்டிலுக்கடியிலதான் கெடக்கும்" என்றாள் அம்மாக்கண்ணு.

"அதுக்கு வீடு புதுசு அண்ணி. இங்க நான்ல புதுசு."

அந்த ஒரு வாரமெல்லாம் எப்போதோ ஓடிப்போய், லீவே முடியப்போகிறது என்ற கட்டம் வந்துவிட்டது.

வட்டவளைக்கு மழை பெய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கும் தகரம் அதிரப் பெய்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் தனுஷிகா அத்தையின் ஃபோனை எடுத்துக்கொண்டு முன் அறையான காம்பராவில் சுவரோரம் உட்கார்ந்தாள். விளையாடவுமில்லை, ஒன்றுமில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாக்குற?" என்றாள் ஜெயந்தினி.

"அம்மா கூப்புடுற நேரம்."

சொன்ன பிறகுதான் பிள்ளைக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள். எட்டாத சாமானை எடுத்துத் தரச் சொல்கிற தயக்கத்தோடு கேட்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் போயி கூப்புடுறீங்களா?"

ஜெயந்தினி எழுந்து பின்னால் அடுப்படிக்குப் போனாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு நகர்ந்து இடம் விட்டாள். ஜெயந்தினி வீடியோ கால் போட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"அம்மா!"

திரை நிறையச் சிரிப்பு. இத்தனை நாளும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பார்க்கக் கிடைக்காத சிரிப்பு. டீச்சர் புதுப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததை, பக்கத்துக் காம்பராவில் நாய் குட்டி போட்டதை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். "இங்க பாரும்மா, விழுந்துட்டேன்" என்று முழங்காலைத் தூக்கிக் காட்டினாள். பொருக்குத் தட்டிய காயம். எப்போது விழுந்தாள்? ஜெயந்தினிக்குத் தெரியாது. நாலு எட்டில் இருக்கிற காயத்தைத் திரையில் விரலால் தடவினாள்.

"எப்பம்மா வருவ?"

எல்லா நாளும் கேட்கிற கேள்வியைத்தான் பிள்ளை பழக்கத்தில் கேட்டாள். முதலில் அது சுவர் வழியாக வந்தது, பிறகு ஃபோன் வழியாக வந்தது. பதிலும் பழகிய பதில்தான். ஜெயந்தினி யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

"சீக்கிரமா வந்துருவேன் சாமி."

"சரி, டாட்டா!" பிள்ளை எப்போதும்போலத் திரையில் உதட்டை ஒற்றினாள். படம் இருட்டானது. முத்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

அம்மாக்கண்ணு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஜெயந்தினி அழவில்லை. குவைத்துக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிமெண்டுத் தரை உள்ளங்காலில் சில்லென்று இருப்பதைக் கவனித்தாள். தகரத்தில் மழையைக் கேட்டாள். விறகுப் புகையை முகர்ந்தாள். பிள்ளையின் முகம் மெல்ல விலகத் தொடங்கியது.