மச்சான் பிடித்த கயிறு

அண்ணன் மறைந்து இந்தப் பங்குனியோடு வருடம் திரும்புகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியார் சொல்லிவிட்டார். எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுவதும், எழுந்துபோய் மாட்டைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் தோட்டங்காட்டு வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, ஏர் பிடித்து, என்னையும் கட்டிக்கொடுத்தார். பொய் பேசத் தெரியாதவர். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அதை நான் மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது, தாய்மாமனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், என் வீட்டுக்காரர் பண்ணையாளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். விதைப்பு அவசரமாம்! அண்ணன் வரவில்லை. பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் இல்லாமல் சபையில் நான் கூனிக் குறுகி நின்றேன். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மறு கோடையில் எங்கள் கிணறு வற்றியது. அடியில் பாறை. அதில் குழி போட்டு வெடிமருந்து கெட்டித்து, ஒருவர் கயிற்றில் இறங்கித் திரியைப் பற்றவைக்க வேண்டும். வெடிப்பதற்குள் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். எங்கள் பக்கம் அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற கணக்கு.

“மச்சானக் கூப்புட ஆளு உட்டிருக்கறேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“மறுபடியும் ஆளுங்களா? பேச்சுவார்த்தையே இல்லாதவரு எப்புடிங்க வருவாரு?”

“வருவாரு அம்மிணி. வேற ஆரு புடிச்சாலும் நான் எறங்க மாட்டேன்.”

அண்ணன் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், உருளையில் ஓடிய கயிற்றின் நுனியைத் தோளில் சுற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரரும் அவர் முகத்தைப் பார்க்காமல் மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். திரி பற்றியதும் கீழிருந்து குரல் வர வேண்டும். புகை வந்தது, குரல் வரவில்லை. இந்த நேரத்திலுமா வீம்பு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் காத்திருக்கவில்லை. “மாப்ளே!” என்று கத்திக்கொண்டே, கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் மாடு மாதிரி சரிவில் இறங்கி ஓடினார். புகையில் மூச்சடைத்துப் பேச முடியாமல் தொங்கியபடி இவர் மேலே வந்தார். கரையில் இழுத்துப் போட்டதும் கிணறு வெடித்தது. அண்ணனின் தோளில் தோல் உரிந்திருந்தது.

இவருக்கு மூச்சுத் திரும்பியதும் அண்ணன் கேட்டார்: “ஏனுங்க மாப்ளே, காதுகுத்துக்குத்தான் ஆளு உட்டுக் கூப்புட்டீங்க. இதுக்குமா?”

“நேர்ல வந்திருந்தா என்னையப் பாத்ததும் ஊட்டுக்குள்ள போயிருப்பீங்க மச்சான்.”

இருவரும் சிரித்தார்கள். நான்தான் அழுதேன். முகம் கொடுத்துப் பேசாத ஒருவரை நம்பி உயிரைத் தொங்கவிட முடியும் என்று அன்று வரை எனக்குத் தெரியாது.

போன பங்குனியில் காய்ச்சல் கண்டு, சில நாட்களிலேயே அண்ணன் போய்விட்டார். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டியவர்களுக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் கிணறு மீண்டும் வற்றிக் கிடக்கிறது. கயிறு பிடிக்க வருகிறோம் என்று சொன்ன உறவுகளுக்குத் தனியாக நன்றி. என் வீட்டுக்காரர் உங்கள் யாரையும் குறைவாக நினைக்கவில்லை. தினமும் கிணற்றுக் கரைவரை போகிறார், கயிற்றை எடுக்கிறார், வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்.