பல்பொடிக்குப் போன அரைமீசை

போன வாரம் பேத்திக்கு ஸ்கூல் பேக் வாங்கக் கடைக்குப் போனேன். ஒரே துணி, ஒரே ஜிப், ஒரே தையல். ஆனால் கார்ட்டூன் முயல் சிரிக்கிற பைக்கு மட்டும் விலை கூடுதல். ஏன் என்றேன். "முயலுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கு சார்... ஒரிஜினல்" என்றார் கடைக்காரர்.

சரி, அந்த முயலை முதலில் வரைந்தவர் இனிமேல் அதைத் தன் வீட்டுச் சுவரில் வரையலாமா? கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வேண்டாத கேள்விதான். ஆனால் அதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் புத்தூர். திருப்பதியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. ஆனால் எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்ற தகராறு தீரவில்லை. நகரி, சத்தியவேடு, திருத்தணி... எங்கே பார்த்தாலும் கூட்டம், ஊர்வலம். எல்லாரும் கோபமாக இருந்த அந்த நாளில் எல்லாரையும் சிரிக்க வைத்த ஒரே ஆள் முனிரத்தினம்.

பாலசமுத்திரத்துக்காரர். வேர்க்கடலை விவசாயி. ஊர் ஊராக நாடகங்களில் 'அரைமீசை' என்று ஒரு வேஷம் கட்டுவார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் மீசை. மேடைக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்: "இந்தப் பக்கம் மெட்ராசு, இந்தப் பக்கம் ஆந்திரா. தீர்ப்பு வர்ற வரிக்கும் மீதி சவரம் கெடையாது."

தமிழரும் சிரிப்பார்கள், தெலுங்கரும் சிரிப்பார்கள். எல்லை முடிவாகிற அன்றைக்கு மீதி மீசையை மேடையிலேயே எடுப்பதாகப் போகிற ஊரிலெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தார்.

இது திருப்பதியில் ஒரு பல்பொடி முதலாளியின் கண்ணில் பட்டது. 'அரைமீசை பல்பொடி' — பாக்கெட்டில் முனிரத்தினத்தின் முகம். ஒப்பந்தம் எங்கள் ஆபீசில்தான் தயாரானது. தெலுங்கில். முனிரத்தினத்துக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. படித்துத் தமிழில் சொல்கிற வேலை என்னுடையது.

புது வேட்டி கட்டி, மனைவி ராஜம்மாளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு ஷரத்தாகச் சொன்னேன். படம் போடலாம், பெயர் போடலாம்... கடைசி ஷரத்துக்கு வந்தேன். இந்த வேஷமும் பெயரும் மீசையும் இனிமேல் கம்பெனிக்கே சொந்தம். கம்பெனி அனுமதி இல்லாமல் அவர் மேடையில்கூட அந்த வேஷத்தைப் போடக் கூடாது.

நிமிர்ந்து பார்த்தேன். மாதிரிக்குக் கொடுத்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முனிரத்தினம் தன் முகத்தையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். முதலாளி அவசரப்படுத்தினார். இதைச் சொன்னால் காரியம் கெடுமே... இந்த மனுஷரின் சந்தோஷத்தை நானா கெடுப்பது?

"மீதியெல்லாம் வழக்கமா எழுதறதுதாண்ணா" என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.

பல்பொடி பிரமாதமாக விற்றது. பாகாலா ஸ்டேஷனில் ரயில் நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் அரைமீசைதான். பிறகு கம்பெனி ஒரு வேன் வாங்கியது. அதில் ஒரு மைக், அரைமீசை வேஷம் போட்ட ஒரு சம்பள ஆள். கொஞ்ச நாளில், நகரியில் நாடகம் போடுவதற்கு முன்னால், முனிரத்தினத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. இனி அந்த வேஷம் கட்டக் கூடாது என்று. அதையும் தெலுங்கில்தான் எழுதியிருந்தார்கள். படித்துச் சொல்லச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "அன்னிக்கு நீ படிச்சப்போ இந்த வரி இருந்துச்சா தம்பி?"

உண்மையைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? நான் சொன்னது வேறு.

"படிச்சேனேண்ணா. நீங்கதான் கவனிக்கல."

நோட்டீசை மடித்துப் பையில் வைத்தார். "இருக்கும் தம்பி. படத்தையே பாத்துக்கினு இருந்தேன்... காதுல வுழுந்திருக்காது."

என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் காதைச் சந்தேகப்பட்டார். அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

முழு மீசை வைத்து, வேறு பெயரில் நடித்துப் பார்த்தார். ஜனங்கள் அரைமீசை எங்கே என்று கேட்டார்கள். நாடகத்தையே விட்டுவிட்டார்.

ஒரு வழியாக எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராசுக்கு, எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே. அந்த வாரம் பல்பொடி வேன் புத்தூர் கடைத்தெருவுக்கு வந்தது. சம்பள ஆள் மைக்கில் ஏதேதோ பேசி, ஒட்டியிருந்த மீதி மீசையைப் பிய்த்துக் கூட்டத்தில் எறிந்தான். ஒரே கைதட்டல். கூட்டத்தில் முனிரத்தினமும் நின்றுகொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

"நல்லாத்தான் பண்றான்" என்றார். "ஆனா ஜனம் சிரிக்கிறதுக்கு டைம் வுடணும். இவன் அதுக்குள்ள அடுத்ததைப் பேசிடறான்."

அவ்வளவுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் மெட்ராசுக்கு வந்தேன். எழுத ஆரம்பித்தேன். ஊரார் தப்பையெல்லாம் எழுதினேன்! இருபது வருஷம் கழித்து, மனசு கேட்காமல் ஒருநாள் பஸ் ஏறி பாலசமுத்திரம் போனேன். முனிரத்தினம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராஜம்மாள் இருந்தார். அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"தெரியும் தம்பி. நானும் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன். நீ அந்த வரியைப் படிக்கல."

முனிரத்தினத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வேஷந்தான் போச்சு. படிச்ச புள்ள பொய் சொல்லாதுன்னு நம்பிக்கினு இருந்தாரு. அதையும் நான் புடுங்கணுமா?"

மோர் கொடுத்தார். குடித்தேன்.

மன்னிப்புக் கேட்கவும் ஒரு கெடு உண்டு... தாண்டிய பிறகுதான் தெரிகிறது.