சாய்ந்த கோடு

பென்சிலால் வரைந்த அந்த முக்கோணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நிமிர்ந்திருக்க வேண்டிய கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வரைந்தவள் திருவொற்றியூர் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த தோழி. எண்ணூர் குப்பத்துக்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர். டிப்ளமோ கையில் வந்தால் மின் நிலையத்தில் பயிற்சி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

அன்று சீட்டு எடுத்ததில் எனக்கு மோட்டார் வந்தது, பக்கத்து மேஜையில் அவளுக்கு மாறுமின் சுற்று. ஒரு மின்தடையையும் கம்பி சுற்றிய ஒரு காயிலையும் தொடராக இணைத்து, தனித்தனி வோல்ட்டேஜையும் மொத்த வோல்ட்டேஜையும் அளந்து, மூன்றையும் முக்கோணமாக வரைய வேண்டும். புத்தகத்தில் காயிலின் கோடு செங்குத்தாக நிற்கும். கலப்பெண்ணில் எழுதினால் வெறும் j பாகம் மட்டும், மின்தடையைக் காட்டும் முன்பாகம் கிடையாது. எங்கள் லேபில் கிடந்த காயிலோ புத்தகம் படித்ததில்லை. யார் அளந்தாலும் கோடு சாயும். அதனால் எல்லாரும் முதலில் செங்கோணத்தை வரைந்துவிட்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பிறகு எழுதுவார்கள். வாத்தியார்களுக்கும் இது தெரியும். ஒருவரும் கேட்டதில்லை.

அவள் மீட்டரில் வந்த ரீடிங்கை எழுதி, காம்பஸ் வைத்து வரைந்து, சாய்ந்த கோட்டோடு தாளை நீட்டினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரீடிங் தப்பு என்றார். அழித்துவிட்டு நேராகப் போட்டால் பாஸ் போடுவதாகவும் சொன்னார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"அது கம்பி சார். அத்தினி சுத்து சுத்திக் கீது. கம்பின்னா ரெசிஸ்டன்ஸ் இல்லாம எப்டி சார் இருக்கும்?" என்றாள்.

முதலில் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள் என்றார் அவர். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"என் பேச்சு கலீஜுன்னா மீட்டரும் கலீஜா சார்?"

ஃபெயில் போட்டார். பயிற்சி இடம் வேறொருவனுக்குப் போனது. அவள் அம்மா, கோட்டை நேராகப் போட்டால் உன் கை ஒடிந்தா போகும் என்று பல நாள் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த பருவத்தில் அரியர் எழுத வந்தவர்கள் குறைவு. எல்லாருக்கும் அதே மேஜை, அதே சுற்று. நான் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவளிடம், இந்தத் தடவையாவது நேராகப் போட்டாயா என்று கேட்டேன்.

"அதே காயிலத்தானேடி வச்சிக்கீறாங்க. வேற எப்டி வரும்?"

புதிதாக வந்திருந்த பெண் தேர்வாளர் மின்சப்ளையை நிறுத்தி, காயிலின் மின்தடையை அளந்து பார்த்துவிட்டு, பாஸ் என்று கையெழுத்துப் போட்டாராம்.

உண்மை ஜெயித்தது என்று நான் எழுதப் போவதில்லை. போன வேலை போனதுதான். இப்போது அவள் மாத்தூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தச் சிரிப்பின்மேல் எனக்கிருக்கும் கோபம் ஆறவில்லை. ஆறவிடுவதாகவும் இல்லை.

நான் இப்போது வேறொரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். தேர்ச்சி விகிதம் குறைகிறது, கோடு நேராக வருகிற மாதிரி ரீடிங்கைக் கொடுத்துவிடுங்கள் என்று போன வாரம் முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார். மெமோ கொடுப்பதானால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். அன்று என் பிள்ளைகள் வரைந்ததில் ஒரு கோடுகூட நேராக நிற்கவில்லை.